வெளியூர் ரசிகரை வாட்டும் கால்பந்து மைதானங்கள்: எது மிக மோசம்?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

நம் பக்கத்தில் கால்பந்து பார்க்கிற எல்லோருமே வெளியூர் ரசிகர்கள்தாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணி கிடையாது. சென்னையின் எஃப்.சி. நம் அணி என்று மார்தட்டிக்கொண்டாலும், அதன் சொந்த மைதானத்து ஆட்டத்துக்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. வீடு திரும்பும்போது பால்காரர் வந்துவிட்டுப் போயிருப்பார். பெங்களூரு, கொச்சி என்றால் இரண்டு நாள் வேலை கெடும். உள்ளூர்க்காரருக்கு எந்த வாசல், எந்தச் சந்து, எந்தக் கடை என்பதெல்லாம் அத்துப்படி. மைதானம் சோதித்துப் பார்ப்பது வெளியூரிலிருந்து போகிறவரைத்தான்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் போனதிலோ நன்றாக அறிந்ததிலோ, வெளியூர் ரசிகரை மிகவும் வாட்டும் மைதானம் எது? பெயின்ட் உரிந்திருந்தது, டீ சரியில்லை என்பவற்றை நான் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். போய்ச் சேர்வது, உள்ளே நுழைவது, உட்கார்ந்து பார்ப்பது, பத்திரமாக வெளியே வருவது, ஊர் திரும்புவது ஆகிய இவற்றில் எது கெட்டாலும் எழுதுங்கள்.

என் ஓட்டு, சுற்றிலும் ஓடுதளம் போட்ட மைதானங்களுக்கு. சென்னை நேரு விளையாட்டரங்கம், பெங்களூரு கண்டீரவா, கொல்கத்தா சால்ட் லேக், கோவை நேரு விளையாட்டரங்கம் எல்லாமே இந்த ரகம். வெளியூர்க்காரர்களைப் பெரும்பாலும் கோலுக்குப் பின்னாலோ மூலையிலோதான் உட்கார வைக்கிறார்கள். அங்கிருந்து மறுபக்க கோலில் நடப்பதைப் பார்ப்பது, மொட்டை மாடியிலிருந்து அடுத்த தெருக் கல்யாணத்தைப் பார்ப்பது போலத்தான். கோல் விழுந்ததா இல்லையா என்பதையே எதிர்ப் பக்கத்துக் கூச்சலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.


உப்பளத்தான் (புதுச்சேரி)

கெடிலக்கரை சொல்வதற்குக் கணக்கே இருக்கிறது. நான் தடகளத்தில் ஓடியவன், அதனால் இந்த அளவுகள் மனப்பாடம். 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர், எட்டுத் தடம் என்றால் பக்கத்துக்குப் பத்து மீட்டர் அளவில் வந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 177 மீட்டர். அதற்குள் 105 மீட்டர் நீளத்தில் கால்பந்துத் திடல். மீதியை இரண்டாகப் பிரியுங்கள்: கோல் கோட்டுக்கும் ஓடுதளத்தின் வெளி ஓரத்துக்கும் நடுவே 36 மீட்டர் வெற்றிடம். அதற்கும் அப்பால்தான் வேலி, நடைபாதை, முதல் வரிசை எல்லாம். மறுபக்க கோல் கோடு 140 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து ஆஃப்சைடா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

கொச்சி கலூர் மைதானத்தில் ஓடுதளம் இல்லை. ஆனாலும் கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிய வட்டம் அது. வட்டத்துக்குள் நீள்சதுரத்தை வைத்தால் ஓரங்களில் இடம் வீணாகத்தான் போகும்.

சால்ட் லேக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 1997இல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது 1,31,781 பேர் அங்கே இருந்தார்கள். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக இருக்கைகளைக் குறைத்த பிறகும் இறுதியாட்டத்துக்கு 66,684 பேர் வந்தார்கள். அத்தனை பேர் சேர்ந்து எழுப்பும் சத்தம் ஓடுதளத்தைத் தாண்டி வந்து நெஞ்சில் மோதும். நம் ஊரிலிருந்து ஹவுராவுக்கு வாரம் ஒரு நேரடி ரயிலும் உண்டு. வாழ்நாளில் ஒரு தடவையாவது போக வேண்டிய மைதானம்.


ரயிலடி (திருப்பாதிரிப்புலியூர்)

தொலைவைக் குறை சொல்கிறீர்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். வெளியூர் ரசிகருக்கு ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிவதில்லை, வீட்டு வாசலை மிதிக்கும்போதுதான் முடிகிறது.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிறது. தெற்கே போகும் பஸ்களில் பெரும்பாலானவை இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பெரியமேட்டிலிருந்து வண்டலூர் தாண்டி அங்கே போய்ச் சேர்வதே ஒரு பயணம். எழும்பூர் பக்கம்தான் என்பதால் உழவன் எக்ஸ்பிரசைப் பிடிக்க ஓடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கூடுதல் நேரத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தால் ஆட்டத்தின் முடிவை ரயில் பெட்டியில் கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.எல். பல வருடங்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரக்காணம் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் எந்த பஸ் எப்போது வரும் என்று ஓட்டுநருக்கே தெரியாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பூட்டு. வெளிமாநிலத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. அந்த ஊர்க்காரர்களோடு சண்டை வளர்க்க விருப்பமில்லாததால் பெயரை எழுதவில்லை. ஆட்டம் முடிந்தது, நம் அணி வென்றது. உள்ளூர் ரசிகர்கள் கலைந்து போகும்வரை எங்கள் பகுதியின் வாசலைத் திறக்க மாட்டோம் என்றார்கள். மோதலைத் தவிர்க்கும் ஏற்பாடு, சரி. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கம்பிக் கதவில் சைக்கிள் சங்கிலி போன்ற ஒன்றைச் சுற்றிப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் வேறு வாசலுக்குப் போய்விட்டார். மின்விளக்குகளைப் பாதிக்குமேல் அணைத்துவிட்டார்கள். குடிதண்ணீர்க் குழாய் இருந்த இடம் கதவுக்கு அந்தப் பக்கம். எங்களோடு வந்த பெரியவருக்குச் சர்க்கரை நோய், வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டைச் சோதனையின்போது வாசலிலேயே வாங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். கம்பிக்கு வெளியே ஒரு தள்ளுவண்டிக்காரர் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். கையை நீட்டிக் காசைக் கொடுத்து வாங்கினோம். அவர் பாதி விலைதான் எடுத்துக்கொண்டார். கதவு திறந்தபோது கடைசி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பஸ் நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

தடுத்து வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்பதை முன்பே சொல்ல வேண்டும், தண்ணீரும் கழிவறையும் உள்ளே இருக்க வேண்டும், கடைசி வண்டியின் நேரம் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைக்கூட யோசிக்காத மைதானம் எதுவோ, என் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம்.


தேவனாம்பட்டினம்_7 (கடலூர்)

ரயிலடி அண்ணா, கழிவறை என்ற சொல்லை நீங்களாவது எழுதினீர்கள், நன்றி. பெண்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

நான் பள்ளி நாட்களில் இந்த ஊரில் பந்து உதைத்தவள். கடலூரில் பெண்கள் கால்பந்து ஆடுவது அதிசயமே இல்லை. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்க்காரர். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023இல் அமிர்தசரசில் ஹரியாணாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் கோப்பையைத் தூக்கினார்கள். ஆட்டத்தை அறிந்த பெண்கள் இந்தக் கரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். அந்தப் பெண்கள் வெளியூர் மைதானத்துக்குப் பார்வையாளராகப் போனால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். பயணம் முழுவதும் நாக்கு வறண்டு கிடக்கும். ஒரு மைதானத்தில் வெளியூர்ப் பகுதியில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிவறை பூட்டியிருந்தது. உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் அடைத்து வைத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்துப் பகுதியில் இருக்கிறதே, போய் வருகிறேன் என்றால், டிக்கெட் நிறம் வேறு, விட முடியாது என்றார் காவலர். என் கூட வந்த பெண்ணுக்கு அன்று மாதவிடாய். இடைவேளையில் வெளியே போய்விட்டோம். ஒருமுறை வெளியேறினால் மறுபடி உள்ளே விடுவதில்லை என்பது விதி. இரண்டாம் பாதியில் விழுந்த மூன்று கோல்களையும் மதில் சுவருக்கு வெளியே நின்று காதால் கேட்டோம்.

ஈரானில் ஆசாதி மைதானத்தில் ஆண்களின் ஆட்டங்களைப் பார்க்கப் பல பத்தாண்டுகள் பெண்களை விடாமல் வைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் கம்போடியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்குத்தான் பெண்கள் டிக்கெட் வாங்கிப் போக முடிந்தது. ஈரான் 14-0 என்று வென்றது, தனியாக வேலி போட்ட பகுதியில் அந்தப் பெண்கள் கடைசிவரை கத்திக்கொண்டிருந்தார்கள். அது சட்டத் தடை. நம் மைதானங்களில் சட்டத் தடை இல்லை, ஆனால் அந்தப் பூட்டிய கதவு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அடுத்த ஆட்டத்துக்கு என் தோழி வர மறுத்துவிட்டாள்.

நீங்கள் ஓடுதளத்தை அளக்கிறீர்கள். நான் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.


உப்பளத்தான்

அக்கா, இதற்கு முன்னால் என் மீட்டர் கணக்கெல்லாம் நிற்காது.


முத்தியால்பேட்டை_பாரிஸ் (சார்செல், பிரான்ஸ்)

ஊரை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் பேசுகிற குறைகள் ஏழை நாட்டுக் குறைகள் என்று யாராவது நினைத்தால், 2022 மே 28ஐ நினைவுபடுத்துகிறேன்.

பாரிசுக்கு வடக்கே சென் தெனியில் இருக்கும் ஸ்தாத் து ஃபிரான்சில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும். நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல்லுக்குப் பக்கத்தில்தான் கார் து நோர் நிலையம். அங்கிருந்து நான் வீட்டுக்குப் போகும் டி புறநகர் ரயில் அந்த மைதான நிலையத்தில் நின்றுதான் வரும். அன்று பி ரயில் பாதையில் வேலைநிறுத்தம், ஆகவே கூட்டம் முழுவதும் டி பாதைக்குத் திரும்பியது. பெட்டி நிறையச் சிவப்புச் சட்டைகள், சின்னப் பிள்ளைகளோடு குடும்பங்கள், பாட்டு. யாரிடமும் சண்டைக்கான முகம் இல்லை.

அந்த நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் வழி நெடுஞ்சாலைக்குக் கீழே குறுகுகிறது. அந்தக் குறுகிய இடத்திலேயே டிக்கெட் சோதனையை வைத்து, பக்கத்தில் போலீஸ் வண்டிகளையும் நிறுத்தியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சந்தில் நெருக்கியடித்து நின்றார்கள். அதைத் தாண்டியவர்களுக்கு வாசல்கள் மூடிக் கிடந்தன. போலீசார் கண்ணீர்ப் புகை அடித்தார்கள், பிள்ளைகள் இருந்த இடத்திலும் அடித்தார்கள். ஒன்பது மணி ஆட்டம் 9.36க்குத் தொடங்கியது. தாமதத்துக்குக் காரணம் ரசிகர்கள் நேரங்கழித்து வந்ததுதான் என்று மைதானத்துப் பலகையில் போட்டார்கள். பிரான்சின் உள்துறை அமைச்சர் போலி டிக்கெட்டையும் டிக்கெட் இல்லாமல் வந்தவர்களையும் காட்டிப் பழியை ரசிகர்கள் மேல் போட்டார். 2023 பிப்ரவரியில் வெளியான தனிக் குழு அறிக்கை முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்துக்கே என்று எழுதியது. அன்று உயிர்ச்சேதம் இல்லாமல் போனது ஏற்பாடு நன்றாக இருந்ததால் அல்ல. நெரிசல் என்றால் என்ன என்று லிவர்பூல் ரசிகர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

எண்பதாயிரம் பேர் அமரும் மைதானம், உலகத்தில் உள்ள வசதி எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர் எந்த நிலையத்தில் இறங்கி எந்த வழியாக நடந்து வருவார் என்பதை மட்டும் யாரும் அக்கறையோடு யோசிக்கவில்லை.

இன்னொன்று. இங்கே முதல் பிரிவு ஆட்டங்களில் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் விலைக்குப் பத்து யூரோ உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் மோதல் பயம் என்றால் போலீஸ் நிர்வாகம் ஓர் ஆணை போட்டு வெளியூர் ரசிகர்களை ஊருக்குள்ளேயே விடுவதில்லை. பாரிஸ், மார்சேய் ஆட்டங்களில் இது வழக்கமாகிவிட்டது. டிக்கெட் மலிவு, போகத்தான் முடியாது.


நெல்லிக்குப்பம்_லீட்ஸ் (இங்கிலாந்து)

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லட்டுமா? இங்கே ரசிகர்கள் மோசம் என்று சொல்லும் மைதானங்களில் பலவற்றை அவர்களே உயிராக நேசிக்கிறார்கள். நியூகாசிலில் வெளியூர் ரசிகர்களுக்கு இடம் ஏழாவது தளத்தில். பதினான்கு அடுக்குப் படிகள் ஏறி மூச்சு வாங்கி நின்றால் ஆட்டக்காரர்கள் குட்டி குட்டியாகத் தெரிவார்கள், ஆனால் ஊரே கண்ணுக்குக் கீழே விரியும். லூட்டனின் கெனில்வொர்த் ரோட்டில் ஓக் ரோடு வாசல் வரிசை வீடுகளுக்கு நடுவே திறக்கிறது. உள்ளே போய்ப் படியேறும்போது இரண்டு பக்கமும் வீடுகளின் கொல்லைப்புறம், கொடியில் காயும் துணி. எவர்டனின் குடிசன் பார்க்கில் மரப் பலகை இருக்கைகளும் பார்வையை மறைக்கும் தூண்களும் இருந்தன. 2025 மே மாதம் அங்கே ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் முடிந்தபோது வயதானவர்கள் அழுதார்கள்.

வசதிக் குறைவு வேறு, மோசம் வேறு. சிரமப்பட்டு ஏறிப் போய், எதிரணி ஊரில் சின்னக் கூட்டமாக நின்று பாடுவதில் ஒரு கர்வம் இருக்கிறது. அதைத் தேடித்தான் வெளியூர் போகிறோம். எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டால் தொலைக்காட்சியே போதுமே.

ஆனால் இங்கே ரசிகர்கள் போராடி வாங்கிய உரிமைகளும் உண்டு. பிரீமியர் லீக்கில் வெளியூர் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, 2016-17 பருவத்திலிருந்து இது நடைமுறை. வெளியூர் அணிக்கு 3,000 இடம், சின்ன மைதானம் என்றால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் படிகளைப் பற்றி அன்போடு குறைப்பட முடிகிறது.


ரயிலடி

நெல்லிக்குப்பம் தம்பி, படிகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் சிரமத்தில் அழகு காண்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதே இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ இருக்கிறது. 1989 ஏப்ரல் 15, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. அன்று லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டுமே அங்கே வெளியூர் அணிகள்தாம். லெப்பிங்ஸ் லேன் முனையில் நின்று பார்க்கும் டிக்கெட் வைத்திருந்த 10,100 பேருக்கு ஏழே ஏழு சுழல்கதவுகள். வெளியே நெரிசல் முற்றியதும் பெரிய வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் நேரே எதிரில் இருந்த சுரங்கவழிக்குள் இறங்கியது. நின்று பார்க்கும் இடத்தை வேலி போட்டுப் பட்டிகளாகப் பிரித்திருந்தார்கள், அது ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பட்டிகளுக்குப் போகும் வழி. ஓரப் பட்டிகளில் இடம் இருந்தது. அந்தப் பக்கம் போங்கள் என்று திருப்பிவிட அங்கே ஒருவர்கூட நிற்கவில்லை. முன்னால் இரும்பு வேலி. 97 பேர் இறந்தார்கள், கடைசியாக இறந்தவர் 2021இல்.

அங்கேயும் முதலில் பழி ரசிகர்கள் தலையில்தான் விழுந்தது. குடித்துவிட்டு வந்தார்கள், டிக்கெட் இல்லாமல் வந்தார்கள் என்று எழுதினார்கள். 2016இல்தான் விசாரணை மன்றம் அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும், ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. 27 வருடம்! பாரிசிலும் அதே லிவர்பூல், அதே பழி. முத்தியால்பேட்டைக்காரர் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

நம் நாட்டிலும் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் செத்தார்கள். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்கோட்டில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டத்துக்குப் போட்ட தற்காலிக கேலரி சரிந்து ஏராளமானவர்கள் காயப்பட்டார்கள். 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்து வாசல்களில் 11 பேர் நசுங்கி இறந்தது கிரிக்கெட் கொண்டாட்டத்தில். ஆனால் வாசலுக்குக் கிரிக்கெட் எது, கால்பந்து எது?


கூனிமேடு_சாலை (புதுச்சேரி)

கலூர் மைதானத்தைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். 2017இல் அந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின்போது, ஆபத்து நேர்ந்தால் இவ்வளவு பேரை விரைவாக வெளியேற்ற முடியாது என்று ஃபிஃபா அந்த மைதானத்துக்கு 29,000 பேர் என்று வரம்பு வைத்தது. சுற்றியிருந்த கடைகளையும் அப்போது மூட வைத்தார்கள். வெளியேறும் வழியைக் கணக்கிட்டு இருக்கையைக் குறைக்கலாம், அதை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரு போட்டிக்கு முடிந்தது ஏன் எல்லாப் போட்டிக்கும் முடியாது?

அப்புறம், தொலைவு என்றால் ஐசாலைச் சொல்லாமல் விடக்கூடாது. 2016-17இல் தேசிய லீக் போட்டியான ஐ-லீக்கை வென்ற அணியின் ஊர். நம் ஊர் ரசிகர் அங்கே போக மிசோரத்துக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு தனியாக வாங்க வேண்டும். லெங்புய் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கே மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த ஊரில் கால்பந்து மேல் இருக்கும் பிரியத்துக்காக எவ்வளவு தூரமும் போகலாம். அதை மோசம் என்ற பட்டியலில் சேர்த்தால் நான் சண்டைக்கு வருவேன்.


வண்ணாரப்பாளையம்_கோல்கீப்பர் (கடலூர்)

கோவையைப் பற்றி யாருமே நல்லதாக ஒரு வார்த்தை எழுதவில்லையே. ஓடுதளம் இருக்கட்டும். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது அந்த நேரு விளையாட்டரங்கத்தில்தான். ஊருக்கு நடுவில் மைதானம், காந்திபுரம் பஸ் நிலையம் பக்கத்தில். ஆட்டம் முடிந்து டிபன் சாப்பிட்டுவிட்டு நிதானமாக பஸ் ஏறலாம். வெளியூர்க்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஓடுதளம் ஒன்றை மட்டும் வைத்து மைதானத்தை ஒதுக்காதீர்கள்.


கெடிலக்கரை

ஏற்கிறேன். ரயிலடியும் அக்காவும் எழுதியதற்குப் பிறகு பட்டியலின் உச்சியில் ஓடுதளத்தை வைக்க முடியாது. ஆனால் ரசிகரையே வேண்டாம் என்று சொல்லும் மைதானத்தை எங்கே வைப்பது? அர்ஜென்டினாவில் 2013இல் ஒரு ரசிகர் இறந்த பிறகு லீக் ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களுக்குத் தடை போட்டார்கள், அது வருடக்கணக்கில் நீண்டது. இந்தோனேசியாவில் 2022 அக்டோபர் 1 அன்று மலாங் மாவட்டத்துக் கஞ்சுருகான் மைதானத்தில் 135 பேர் இறந்தார்கள். அன்று வெளியூர் ரசிகர்களை ஏற்கெனவே தடுத்துவிட்டார்கள், உள்ளே இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தாம். போலீஸ் அடித்த கண்ணீர்ப் புகைக்குப் பயந்து வாசலுக்கு ஓடி அங்கே நசுங்கினார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப் புகை கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. வெளியூர் ரசிகரைத் தடுத்தால் மைதானம் பாதுகாப்பாகிவிடும் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?


முத்தியால்பேட்டை_பாரிஸ்

தடை போடுவது நிர்வாகத்துக்குச் சுலபம், அதனால் போடுகிறார்கள். நல்ல வாசலும் வழிகாட்டப் பத்து ஆளும் போடச் செலவாகும்.


தேவனாம்பட்டினம்_7

நம் வீட்டையும் பார்ப்போமே. மாவட்டப் போட்டி, பள்ளிப் போட்டி என்று நம் ஊருக்கும் வெளியூர் அணிகள் வருகின்றன. அவர்களோடு அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லாம் வேனில் வருகிறார்கள். மதியம் இரண்டு மணி வெயிலில் அந்தத் தாய்மார்களுக்கு நிழல் எங்கே? வேனை எங்கே நிறுத்தச் சொல்கிறோம்? வெளியூர் மைதானங்களிடம் நாம் கேட்பதை நம்மிடம் வருகிறவர்களுக்கு நாம் செய்ய முடியும். பெரிய செலவே இல்லை: ஒரு ஷாமியானா, இரண்டு கேன் தண்ணீர், பெண்கள் கழிவறையின் சாவி யாரிடம் என்று எழுதிய ஓர் அட்டை. அடுத்த போட்டியில் இதை நான் பார்த்துக்கொள்கிறேன். கூட நிற்க ஆள் வேண்டும்.


வண்ணாரப்பாளையம்_கோல்கீப்பர்

நான் வருகிறேன் அக்கா. ஷாமியானா போடும் நண்பர் ஒருவர் இருக்கிறார், வாடகையைக் குறைத்துக் கேட்டுப் பார்க்கிறேன். தண்ணீர் கேன் என் பொறுப்பு.


ரயிலடி

நல்ல காரியம். நானும் வருகிறேன். இன்னொரு யோசனையும் உண்டு. நாம் போகும் ஒவ்வொரு மைதானத்துக்கும் இந்த இழையிலேயே குறிப்பு எழுதி வைப்போம்: வெளியூர்ப் பகுதிக்கு எந்த வாசல், பெண்கள் கழிவறை திறந்திருக்கிறதா, உள்ளே குடிதண்ணீர் உண்டா, ஆட்டம் முடிந்து எவ்வளவு நேரம் தடுத்து வைத்தார்கள், கடைசி பஸ், கடைசி ரயில். போய் வந்த அன்றே எழுதுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துவிடும்.


கூனிமேடு_சாலை

சரி, கொச்சி ஆட்டத்துக்கு யார் யார்? மங்களூர் எக்ஸ்பிரசில் போய்ப் பாலக்காட்டில் இறங்கி அங்கிருந்து எர்ணாகுளம் போகலாம் என்று பார்க்கிறேன். நகரத்துக்குள் மெட்ரோ இருக்கிறது, மைதானத்தின் பெயரிலேயே நிலையம், இறங்கினால் வாசல்.


கெடிலக்கரை

நானும் அண்ணியும் வருகிறோம். அன்றிரவே திரும்ப வேண்டாம், எர்ணாகுளத்தில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பலாம், அப்போது எவ்வளவு நேரம் தடுத்து வைத்தாலும் கவலையில்லை. பெரியவர்கள் வந்தால் மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்து வரட்டும், சோதனையில் மாத்திரையைப் பிடுங்க மாட்டார்கள். பெயர் கொடுக்கிறவர்கள் தனிச் செய்தியில் கொடுங்கள், கைப்பேசி எண்ணை இங்கே போடாதீர்கள். டிக்கெட் விற்பனை தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே பகுதியில் சேர்த்து எடுக்கிறேன்.